புள்ளிகளுக்குக் கீழே ஓடிய கோடு

போன கோடையில் அக்கா மகள் இரண்டு மாதப் புராஜெக்டுக்காகத் திருச்சியிலிருந்து பெங்களூரு வந்து, அல்சூரில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். இருபத்தோரு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்து தட்டுகளைக்கூட எடுக்கவில்லை, லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, “மாமா, இத கொஞ்சம் பாருங்களேன்” என்றாள். திரையில் ஒரு கிராஃப். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் சரிந்து போகிற புள்ளிக் கூட்டம். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஓடவேண்டிய கோடு, எல்லாப் புள்ளிகளுக்கும் கீழே தனியாக ஓடிக்கொண்டிருந்தது. துணியெல்லாம் மேலே மிதக்க, கொடி மட்டும் ஒரு முழம் கீழே தொங்குகிற மாதிரி. நான் ஒரு நொடியும் யோசிக்காமல், “எங்கேயோ தப்பா டைப் பண்ணிருப்பே” என்றேன். அவள் மூன்று நாளாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாளாம். தப்பு எதுவும் இல்லை.

எனக்குப் பீன்யாவில் வேலை. பிரஷர் கேஜ் கேலிபரேஷன், அதாவது அழுத்தம் காட்டும் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது, இருபத்திரண்டு வருஷமாக. பாய்லர், கம்ப்ரஸர், ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று எதன் தலையில் உட்கார்ந்திருக்கும் மீட்டரும் வருஷத்துக்கு ஒருமுறை எங்களைப் போன்றவர்கள் மேஜைக்கு வந்து போகும். நட்சத்திரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, மொட்டைமாடியில் கரண்ட் போன நேரத்தில் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆனாலும் அந்தக் கோடு என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. என் தொழிலில் நான் நம்பிய ஒன்றைத்தான் அது கீழே இழுத்துக்கொண்டிருந்தது என்பது பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது.

திருவாதிரையின் குறுக்களவு

அவள் அளந்துகொண்டிருந்தது ஒரு நட்சத்திரத்தின் விட்டத்தை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலான நட்சத்திரங்கள் வெறும் புள்ளிதான். அதனால் நேராகப் பார்த்து அளக்க முடியாது, சுற்றி வளைத்து அளக்கிறார்கள். தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு கண்ணாடிகள் பிடித்த ஒளியை ஓரிடத்தில் சேர்த்தால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் விழும். நட்சத்திரம் பொடியாக இருந்தால் பட்டை பளிச்சென்று இருக்கும், பெரிதாக இருந்தால் மங்கும். கண்ணாடிகளை இன்னும் இன்னும் விலக்கிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் பட்டையே காணாமல் போகும். அந்த விலகலைக் கொண்டு விட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். மைக்கல்சன், பீஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1920 டிசம்பர் 13 அன்று, மார்கழி பிறக்கச் சில நாள் முன்னால், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் நம் திருவாதிரையைத்தான் இப்படி அளந்தார்கள். கண்ணாடிகள் சுமார் 3 மீட்டர் விலகியபோது பட்டை மறைந்தது. விடை 0.047 ஆர்க்விநாடி. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி இருபத்தோரு கூறு போட்டால் வரும் ஒரு கூறு.

எனக்குப் பிடித்தது அந்த எண் அல்ல. பட்டை தெரியவில்லை என்றதும் அவர்கள் சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடவில்லை. அதே அமைப்பில் வேறு நட்சத்திரங்களில் பட்டை தெரிகிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். கருவி கெட்டுப்போயிருந்தாலும் பட்டை மறையுமே. இதை அவள் சொன்னபோது, ‘அட, இவர்கள் நம்ம ஆட்கள்’ என்று தோன்றியது.

இப்போது பெரும்பாலும் அகச்சிவப்பில் செய்கிறார்கள். அலைநீளம் கூடக் கூடக் காற்றின் அலைக்கழிப்பு கொஞ்சம் அடங்கும், குளிர்ந்த பெரிய நட்சத்திரங்களும் அதில்தான் நன்றாக ஒளிரும். பாப்பா இறக்கி வைத்திருந்தது சிலியின் பரனால் மலையில் எடுத்த தரவு. நான்கு தொலைநோக்கிகள் என்றால் ஆறு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் நிறம் பிரித்துப் பல அளவுகள். ஒவ்வோர் அளவிலும் பட்டை எவ்வளவு தெளிவு என்பதுதான் கிராஃபில் ஒரு புள்ளி. ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் குவிந்துவிடும்.

மாஸ்டர் கேஜ்

பட்டையின் தெளிவை நட்சத்திரம் மட்டும் குறைப்பதில்லை. காற்று குறைக்கும், கண்ணாடியின் நடுக்கம் குறைக்கும், இரண்டு பக்க ஒளியும் சமமாக இல்லாவிட்டால் அதுவும் குறைக்கும். உண்மையில் 0.80 இருக்கவேண்டிய தெளிவு கருவியில் 0.55 என்று வரலாம். அதனால் பக்கத்திலேயே விட்டம் தெரிந்த, முடிந்தவரை பொடியான ஒரு நட்சத்திரத்தை முன்னும் பின்னும் பார்க்கிறார்கள். கேலிபரேட்டர் என்று அதற்குப் பெயர். அதில் எவ்வளவு குறைந்தது என்று கண்டு, அதே விகிதத்தில் இதையும் தூக்கிவிடுகிறார்கள். எங்கள் மாஸ்டர் கேஜ் வேலையேதான் இது. மாஸ்டரைப் படி, வந்திருக்கும் கேஜைப் படி, மறுபடி மாஸ்டரைப் படி. நான் உடனே கேட்டது, “அந்த மாஸ்டருக்கு சர்டிஃபிகேட் இருக்கா?” என்றுதான். சிரித்தாள். அதன் விட்டமும் பெரும்பாலும் நிறத்தையும் பிரகாசத்தையும் வைத்துக் கணித்ததுதானாம், அதற்கும் ஒரு சதவீதப் பிழை உண்டு. அந்தப் பிழை பெரிதாகத் தெரியாமல் இருக்கத்தான் பொடி நட்சத்திரமாகத் தேடுகிறார்கள். பொடி என்றால் பெரும்பாலும் மங்கல். மங்கல் என்றால் அதைப் படிப்பதே கஷ்டம். எங்கும் இந்த இழுபறி உண்டு போல.

மாஸ்டரே மோசம் போன கதையும் இந்தத் துறையில் இருக்கிறது. வேகா, நம் பஞ்சாங்கத்து அபிஜித், நெடுங்காலமாகப் பிரகாச அளவுக்கே பூஜ்யப் புள்ளியாக வைத்திருந்த நட்சத்திரம். சாதுவான, உருண்டையான, சந்தேகத்துக்கு இடமில்லாத நட்சத்திரம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 2006இல் இதே அகச்சிவப்புப் பட்டை முறையில், அதே மவுண்ட் வில்சனிலிருந்து உற்றுப் பார்த்தபோது, அது வெகுவேகமாகச் சுழல்வதும், அதன் துருவம் நம்மை நோக்கித் திரும்பியிருப்பதும், நடுப்பகுதி துருவத்தைவிடக் குளிர்ந்திருப்பதும் தெரிந்தது. பம்பரத்தை உச்சியிலிருந்து பார்த்துவிட்டு உருண்டை என்று சொன்ன கதை.

பிழைகளில் பல ரகம் உண்டு, அவற்றில் பலவற்றுக்கு நல்ல மருந்தும் இருக்கிறது. தெளிவின் வர்க்கத்தைக் கணக்கிடும்போது இரைச்சலும் வர்க்கமாகும். வர்க்கத்தில் மைனஸ் கிடையாது என்பதால் அது எப்போதும் மேலேதான் ஏற்றிவிடும். பட்டையில்லாத இடத்தில் அளந்து கழித்துவிட்டால் போயிற்று. ஒளியை மெல்லிய கண்ணாடி இழைக்குள் செலுத்தினால் காற்றின் குழப்பம் வெறும் பிரகாச ஏற்ற இறக்கமாக மாறிவிடும், அதைத் தனியாக அளந்து திருத்தலாம். மூன்று தொலைநோக்கிகளை ஜோடி ஜோடியாக எடுத்து, பட்டை எவ்வளவு தள்ளி விழுகிறது என்ற அளவை முக்கோணமாகக் கூட்டினால் காற்று தந்த பிழை தன்னாலேயே கழிந்துபோகும். இது ரேடியோ அலைகளில் வானத்தைப் பார்ப்பவர்களின் தந்திரம், 1958இல் அவர்களில் ஒருவரான ஜெனிசன் சொன்னது. இவையெல்லாம் அழகு. பாப்பாவின் கோட்டை இழுத்தது இவற்றில் எதுவும் இல்லை.

எல்லாரும் பங்குபோட்ட பிழை

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இப்போது இருக்கும் இடத்தில் அல்ல, வேறோர் இடத்தில். டெட் வெயிட் டெஸ்டரில் கேஜ் சோதிப்போம். பிஸ்டன் மேல் எடைத் தட்டுகளை அடுக்கினால் அந்த எடையே எண்ணெயை அழுத்தும். அழுத்தம் எவ்வளவு என்பது எடையையும், பிஸ்டனின் பரப்பையும், அந்த ஊர் ஈர்ப்பையும் பொறுத்தது. பெங்களூரில் ஈர்ப்பு 9.78, புத்தகத்து எண் 9.80665. எக்ஸெல் ஷீட்டில் புத்தக எண்ணை விட்டுவைத்திருந்தேன். அன்றைக்கு வந்த மூன்று கேஜ்கள் மூன்று வேறு வேறு கம்பெனி. மூன்றும் கால் சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறைத்துக் காட்டின. ஒவ்வொன்றையும் பத்துமுறை படித்துச் சராசரி எடுத்தேன். பத்துமுறையும் அதே குறைவு. நல்ல கேஜ்கள் மூன்றுக்கும் ‘குறை’ என்று எழுதி அனுப்பப் பார்த்தேன். மூத்தவர் ஒருவர் வந்து தாளைப் பார்த்துவிட்டு, “மூணு பேரும் ஒரே மாதிரி திருடினா திருடன் வீட்டுக்குள்ளதான் இருக்கான்” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இது வேதம். தனித்தனிப் பிழை வேறு, பொதுப் பிழை வேறு. தனிப் பிழை சராசரியில் கரையும். பொதுப் பிழை ஆயிரம் முறை படித்தாலும் கரையாது, அதை மறைக்காமல் கணக்கில் தனியாகக் காட்டவேண்டும். பாப்பாவிடமும் இதையே சொன்னேன். அவள் அதைச் செய்தே இருந்தாள். கேலிபரேட்டர் நட்சத்திரத்தால் வந்த 3 சதவீதப் பிழை எல்லாப் புள்ளிக்கும் பொது என்று, புள்ளிக்குப் புள்ளி உள்ள உறவையெல்லாம் ஒரு பெரிய அட்டவணையாக்கிக் கணக்கில் சேர்த்திருந்தாள். ஒழுங்கான பிள்ளை.

சரி, புள்ளிகள் போதவில்லை போல, இன்னும் சேர்த்துப் பார் என்றேன். அதுவரை அவள் நிறங்களைக் கூட்டிக் கூட்டிச் சில பத்துப் புள்ளிகளாகச் சுருக்கி வைத்திருந்தாள். பிரித்து, இருநூற்றுச் சொச்சம் புள்ளிகளைப் போட்டாள். கோடு இன்னும் கீழே இறங்கியது. அந்த நிமிஷம் எனக்கு வாயடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில், தரவு கூடினால் விடை கெட்டுப்போவதை நான் பார்த்ததில்லை. அவள் ஒன்றும் பேசாமல் ஒரு வரியை மட்டும் அழித்து, பொதுப் பிழையே இல்லை என்று பொய் சொல்லி, மறுபடி ஓட்டினாள். கோடு துள்ளி எழுந்து புள்ளிகளுக்கு நடுவே ஒழுங்காக உட்கார்ந்தது. “பொய் சொன்னா சரியா வருது மாமா, உண்மைய சொன்னா தப்பா வருது.” என் மனைவி தோசைக்கு ஊறப்போட்ட அரிசியைக் கிளறிக்கொண்டே, “கோர்ட் மாதிரின்னு சொல்லு” என்றாள்.

காலண்டர் தாளில் ஒரு கணக்கு

அவளுடைய வழிகாட்டி இரண்டு வார்த்தையில் வழி சொல்லியிருந்தார்: ‘பீல் புதிர், தேடிப் பார்.’ அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் அணுஆய்வுக்கூடத்தில் இருந்த ராபர்ட் பீல் 1987இல் ஒரு குறிப்பில் எழுப்பிய கேள்வி. நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அணுக்கருத் தரவுக்காரர்களின் தலைவலி அது. ஒரே பொருளை இரண்டு முறை அளக்கிறோம். ஒன்று 1.5, இன்னொன்று 1.0. ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம் தனிப் பிழை, இரண்டுக்கும் சேர்த்து 20 சதவீதம் பொதுப் பிழை. பாடப்புத்தகத்தில் உள்ளபடி சிறந்த மதிப்பு என்ன? விடை 0.88. இரண்டு அளவுக்குமே கீழே!

நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். 1.5க்குத் தனிப் பிழை 0.15, பொதுப் பிழை 0.30. 1.0க்குத் தனிப் பிழை 0.10, பொதுப் பிழை 0.20. வர்க்கங்களைக் கூட்டி, குறுக்குப் பெருக்கலைக் கழித்து, எந்த அளவுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் எடைகளைக் கண்டுபிடித்தால் 1.0க்கு 1.24, 1.5க்கு மைனஸ் 0.24. மைனஸ் எடை! தராசில் ஒரு தட்டில் வைத்த பொருள் மேல்நோக்கித் தள்ளுகிற மாதிரி. பெரிய அளவு எவ்வளவுக்குப் பெரிதோ, விடை அவ்வளவுக்குக் கீழே போகும். மூன்று தாள் கிழித்தேன், மூன்றிலும் 0.88தான்.

அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, கணக்கு என்னதான் நினைக்கிறது என்று யோசித்தேன். அதன் கையில் ஒரு பொதுக் குமிழ் இருக்கிறது. திருப்பினால் எல்லா அளவும் ஒரே விகிதத்தில் சுருங்கும் அல்லது விரியும். இரண்டு அளவுக்கும் நடுவே 0.5 பிணக்கு. குமிழைக் கீழே திருப்பினால் 1.5ம் 1.0ம் சேர்ந்து சுருங்கும், கூடவே அவற்றுக்கு நடுவே உள்ள பிணக்கும் சுருங்கும். ஆனால் தனிப் பிழை மட்டும் முதலில் எழுதிவைத்தபடியே நிற்கிறது. ஆக, எல்லாவற்றையும் சின்னதாக்கிவிட்டால் எல்லாரும் ஒத்துப்போனதாக ஆகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லார் உயரமும் ஒன்று. பூஜ்யத்துக்கே போய்விட்டால் சண்டையே இல்லை. எங்கள் லேபுக்கு வரும் ஆட்கள் கேஜ் கொஞ்சம் பிசகினாலும் “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்” என்பார்கள். இருநூறு புள்ளிகள் ஒவ்வொன்றும் அப்படி ஸ்வல்ப அட்ஜஸ்ட் கேட்டால், 3 சதவீதத்துக்கு மேல் நகராமல் இருக்கவேண்டிய குமிழ் எங்கேயோ போய்விடும். பாப்பா கணினியில் போலித் தரவு செய்து பார்த்தாள். உண்மை மதிப்பு 1. அதே 3 சதவீதப் பொதுப் பிழை. பத்துப் புள்ளிக்கு விடை 0.99. ஐம்பதுக்கு 0.96. இருநூறுக்கு 0.85. தெளிவு குறைவாக வந்தால் நட்சத்திரம் பெரிது என்று அர்த்தம். அதாவது அவள் எவ்வளவு கவனமாகத் தரவு சேர்த்தாளோ, அவ்வளவுக்கு அந்த நட்சத்திரம் ஊதிக்கொண்டே போயிருக்கிறது.

ரீடிங்கில் சதவீதம்

சரி, குற்றம் எங்கே? பொதுப் பிழையைச் சேர்த்தது குற்றம் அல்ல. அந்த 20 சதவீதம் எதில் 20 சதவீதம் என்பதில்தான் இருக்கிறது. நான் காலண்டர் தாளில் என்ன செய்தேன்? 1.5இல் 20 சதவீதம் 0.30 என்று எழுதினேன். 1.0இல் 20 சதவீதம் 0.20 என்று எழுதினேன். அளந்த எண்ணிலிருந்து எடுத்தேன். ஆனால் அளந்த பொருள் ஒன்றுதானே? மாஸ்டர் 20 சதவீதம் பிசகியிருந்தால், அது அந்த ஒரே உண்மை மதிப்பில் 20 சதவீதம்தான் பிசக்கும், இரண்டு அளவையும் ஒரே தொகைக்கு நகர்த்தும். தற்செயலாக மேலே விழுந்த ரீடிங்குக்குப் பெரிய பிழையும், கீழே விழுந்த ரீடிங்குக்குச் சின்னப் பிழையும் கொடுத்தால், கீழே விழுந்தவன்தான் நம்பத்தகுந்தவன் என்று நாமே கணக்குக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பொதுப் பிழையை இரண்டுக்கும் ஒரே தொகையாக வைத்ததும் விடை 1.15. இரண்டுக்கும் நடுவே, இருக்கவேண்டிய இடத்தில்.

இது உறைத்தபோது காபி ஆறிப்போயிருந்தது. ஏனென்றால் எங்கள் தொழிலில் ‘ரீடிங்கில் இத்தனை சதவீதம்’, ‘முழு அளவில் இத்தனை சதவீதம்’ என்று இரண்டு வழக்கு உண்டு. வருகிற பையன்களிடம் ரீடிங்கில் சதவீதம் சொல்வதுதான் நேர்மை என்று இத்தனை வருஷமாக நான் பிரசங்கம் செய்திருக்கிறேன். ஒரே ஒரு ரீடிங்கைப் பற்றிப் பேசும்வரை அது சரிதான். பல ரீடிங்குகளைச் சேர்த்து ஒரு முடிவுக்கு வரும்போது, ரீடிங் என்பதே பிழையோடு பிறந்தது என்பதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பிழை எவ்வளவு என்று அந்தப் பிழையிடமே போய்க் கேட்டிருக்கிறேன்.

பாப்பா செய்த திருத்தம் சின்னது. முதலில் பொதுப் பிழை இல்லாமல் ஒரு கோடு போடு. அந்தக் கோடு சொல்லும் மதிப்பில் 3 சதவீதம் எடுத்து அட்டவணையைக் கட்டு. மறுபடி கோடு போடு. இரண்டு மூன்று சுற்றில் எண் அசைவதை நிறுத்திவிடும். வேறு வழியும் உண்டு, அந்தக் குமிழையே இன்னொரு அறியாத எண்ணாக வைத்து, 1க்கு அருகே 3 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டு, நட்சத்திரத்தின் விட்டத்தோடு சேர்த்துத் தேடலாம். அதில் கோட்டைக் குமிழால் பெருக்கவேண்டும், புள்ளிகளை அல்ல. புள்ளிகளைப் பெருக்கினால் பழைய வியாதி திரும்ப வந்துவிடும் என்றாள். முதல் முறை தப்பாகத்தான் பெருக்கியிருந்தாளாம்.

அவள் ஊருக்குப் போன அடுத்த வாரம், லேபில் பத்து வருஷத்துக்கு முந்தைய ஃபைல் ஒன்றை எடுத்தேன். ஒரு கேஜை மூன்று நாளில் பதினான்கு முறை படித்து, பிஸ்டன் பரப்பின் பிழையைப் பொதுவாக வைத்துச் சேர்த்த கணக்கு. அந்தப் பிஸ்டனின் பிழை அரைக்கால் சதவீதம்கூட இல்லை. புது முறையில் போட்டுப் பார்த்தால் விடை நாலாவது தசமத்தில்கூட மாறவில்லை. ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. இருந்தாலும் எக்ஸெல் ஷீட்டில் அந்த ஒரு கலத்தை மாற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ஏன் என்று கேட்டான். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்கிறேன் என்று ஒரு பழைய காலண்டர் தாளைத் தேடி எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் பாப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். கோடு புள்ளிகளுக்கு நடுவே. கீழே, “நட்சத்திரம் இளைச்சிருச்சு மாமா” என்று எழுதியிருந்தாள். கேலிபரேட்டர் ஒன்றா, இரண்டா என்று கேட்டு அனுப்பினேன். ஒன்றுதானாம். இன்னொன்றையும் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.